சேலை உடுத்தி முதன்முறையாக வெளியே செல்ல விரும்புகிறேன்: சிங்கப்பூரில் அனுபவமுள்ளவர்கள் ஆலோசனை கூறுவீர்களா?

ஈசூன்வாசி

அனைவருக்கும் வணக்கம். நான் நாற்பதுகளின் நடுவில் இருக்கும் ஆண். மனைவியும், உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் மகளும் இருக்கிறார்கள். சேலை உடுத்திக்கொள்வதில் எனக்குச் சிறு வயதிலிருந்தே தீராத விருப்பம் உண்டு. திருமணமாகிச் சில ஆண்டுகள் கழித்து இது என் மனைவிக்குத் தெரியவந்தது. பேசி, அழுது, முகம் திருப்பிக்கொண்டு, மறுபடியும் பேசி, இப்போது மகள் பாட்டி வீட்டுக்குச் செல்லும் நாள்களில் அவரே என் கொசுவத்தை நீவிப் பின் குத்திவிடும் நிலைக்கு வந்திருக்கிறோம். நான் திருநங்கை அல்ல. ஆணாக வாழ்வதில் எனக்கு எந்த மனக்குறையும் இல்லை. இருந்தாலும், சேலையில் இருக்கும் அந்த ஓரிரு மணி நேரத்தில் என் மனம் அடையும் நிம்மதியை வேறு எதுவும் எனக்குத் தந்ததில்லை.

எதிரே உள்ள அடுக்குமாடிப் புளோக்கின் சன்னல்கள் எங்கள் வரவேற்பறையைப் பார்த்தபடி இருப்பதால், திரைகளை இழுத்து மூடிவிட்டுத்தான் உடுத்த வேண்டியிருக்கிறது. கல்யாணத்துக்குக் கிளம்புவது போல அவ்வளவு அக்கறையாக உடுத்திவிட்டு, சோபாவில் உட்கார்ந்து தொலைக்காட்சி பார்ப்பதோடு அந்த மாலை முடிந்துபோகிறது. காற்றுப் படும் இடத்தில் நடக்க வேண்டும், நாலு பேர் நடுவே உட்கார வேண்டும் என்ற ஆசை நாளுக்கு நாள் வலுக்கிறது. அண்மையில் ஒருநாள் நள்ளிரவு கடந்த பிறகு மின்தூக்கியில் இறங்கி, புளோக்கின் கீழ்த்தளத்தில் கடிதப் பெட்டிகள் இருக்கும் இடம் வரை நடந்துவிட்டுத் திரும்பினேன். வழியில் ஒருவரும் இல்லை. ஆனாலும் கைகள் நடுங்கியதால் வீட்டுச் சாவியைத் துவாரத்தில் நுழைக்கவே சிரமப்பட்டேன். உள்ளே வந்து கதவைச் சாத்தியதும் பொங்கிய மகிழ்ச்சியில் விடியும் வரை உறக்கம் பிடிக்கவில்லை.

எங்கே, எந்த நேரத்தில் செல்வது நல்லது? காவல்துறையினர் நிறுத்தி விசாரித்தால் என்ன செய்வது? கழிப்பறைக்குச் செல்ல நேர்ந்தால் என்ன செய்வது? எல்லாவற்றையும் விட, நம் தமிழ்ச் சமூகம் இங்கே சிறியது. லிட்டில் இந்தியாவின் தேக்காவில் சற்று நேரம் நின்றால் தெரிந்த முகம் ஒன்றாவது எதிரே வந்துவிடும் என்ற அச்சம் இருக்கிறது. மனைவியிடம் கேட்டபோது, “உங்க இஷ்டம்” என்று மட்டும் கூறினார். அனுபவப்பட்டவர்கள் மனம் திறந்து எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மல்லிகைச்சரம்

நண்பரே, உங்கள் பதிவைப் படித்தபோது என் பழைய நாள்களைப் பார்ப்பது போல இருந்தது. முதலில், நள்ளிரவைத் தயவுசெய்து கைவிடுங்கள். ஆள் இல்லாத இடம்தான் பாதுகாப்பு என்று நம் மனம் சொல்லும். ஆனால் வெறிச்சோடிய இடத்தில் எதிரே வரும் ஒரே ஒரு மனிதருக்கு நம்மைத் தவிரப் பார்ப்பதற்கு வேறெதுவும் இருக்காது. சேலை கட்டிய பெண்கள் பலர் நடமாடும் இடத்தில் இன்னொரு சேலை யார் கண்ணிலும் உறுத்தாது. இந்தக் காரணத்தால்தான் என் முதல் வெளிநடைக்கு, ஆண்டுதோறும் நவம்பர் மாதத்தை ஒட்டி எஸ்பிளனேட் கலையரங்கில் நடைபெறும் கலா உற்சவம் என்ற இந்தியக் கலை விழாவின் ஒரு மாலைப் பொழுதை நான் தேர்ந்தெடுத்தேன். அங்கே கடலோரத் திறந்தவெளி மேடையில் இலவச நிகழ்ச்சிகள் இருக்கும். நுழைவுச்சீட்டு வாங்க யாரிடமும் பேச வேண்டியதில்லை. பிடிக்கவில்லையென்றால் எழுந்து நடந்துவிடலாம்.

ரவிக்கையை இணையத்தில் வாங்காதீர்கள். ஆணின் தோள் அகலத்துக்கு அது ஒருநாளும் பொருந்தாது. தேக்கா நிலையத்தின் மாடியில் தையற்காரர்கள் இருக்கிறார்கள். நான் அங்கே சென்று, “எனக்குத்தான் தைக்க வேண்டும்” என்று தொண்டை அடைக்கக் கூறியபோது, அந்த அக்காள் அளவு நாடாவை என் தோளில் வைத்துவிட்டு, “கை முழங்கை வரைக்கும் வச்சிரட்டுமா தம்பி? உங்களுக்கு அதுதான் எடுப்பா இருக்கும்” என்றார். அவர் கேட்டது அவ்வளவுதான். முழங்கை வரை கை வைத்த ரவிக்கை ஆணின் புயங்களை மறைத்துவிடுகிறது என்பதை அவரிடம்தான் கற்றேன். சேலைக்கு நம் ஊர்ப் புழுக்கத்தில் பருத்திதான் ஏற்றது. பட்டின் எடையும் வியர்வையும் சேர்ந்தால் அரை மணி நேரத்தில் களைத்துவிடுவீர்கள்.

முகத்துக்கு ஒரு செய்தி. எவ்வளவு வழித்துச் சவரம் செய்தாலும் மேலுதட்டிலும் தாடையிலும் தாடியின் நிழல் சற்றே நீலம் பாய்ந்து தெரியும். அதன்மேல் நேராக ஃபவுண்டேஷன் பூசினால் சாம்பல் படிந்தது போல ஆகிவிடும். முதலில் ஆரஞ்சு நிற கன்சீலரை அந்த இடத்தில் மட்டும் மெல்லிதாக ஒற்றிக்கொண்டு, பிறகு மற்றவற்றைப் பூசுங்கள். நீங்கள் ஈசூனில் இருப்பதால் வடக்கு தெற்குத் தடத்தில் ஒரே ரயிலில் சிட்டி ஹால் வந்து இறங்கிவிடலாம். அங்கிருந்து சிட்டிலிங்க் நிலத்தடி வழியாகவே எஸ்பிளனேடுக்கு நடக்கலாம் என்பதால், வழி முழுவதும் குளிர்சாதனக் காற்று இருக்கும், ஒப்பனை வழியாது.

அன்று நான் மிகவும் அஞ்சியது மனிதர்களைக் காட்டிலும் ரயில் நிலையத்தின் மின்படியைத்தான். செருப்பை மாட்டிக்கொண்ட பிறகே சேலை கட்ட வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. வெறுங்காலில் கட்டிவிட்டுப் பிறகு தட்டைச் செருப்பு அணிந்தேனோ, கொசுவத்தின் விளிம்பு எங்கே நிற்கிறது என்றே புரியவில்லை. மின்படியின் இரும்புப் பற்கள் கீழே விழுங்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தபடி, முன்னால் நின்ற பெண்மணி செய்ததைப் போலவே இடக்கையால் கொசுவத்தை ஒரு சாண் உயர்த்திக்கொண்டு, வலக்கையால் கைப்பிடியைப் பற்றி, இடப்பக்கமாக ஏறி நின்றேன். பின்னால் வந்த இளைஞர் ஒருவர் கைப்பேசியைப் பார்த்தபடியே என்னைக் கடந்து போனார். ரயிலில் என் எதிரே அமர்ந்திருந்த ஏறத்தாழ எல்லாருமே அப்படித்தான் இருந்தார்கள். ஒரு குழந்தை மட்டும் என்னை நெடுநேரம் உற்றுப் பார்த்தது. அதன் தாயும் நிமிர்ந்து பார்த்தார், லேசாகப் புன்னகைத்தார், குழந்தையின் தொப்பியைச் சரிசெய்யத் தொடங்கிவிட்டார்.

கடலோரப் படிகளில் உட்கார்ந்த பிறகு நெஞ்சின் படபடப்பு மெல்ல அடங்கியது. மரீனா பேயிலிருந்து வந்த காற்றில் முந்தானை தோளிலிருந்து எழும்பி எழும்பி விழுந்தது. அதை இழுத்து மடியில் போட்டுக்கொள்வதிலேயே எனக்கு எவ்வளவு இன்பம் இருந்தது என்பதை உங்களைப் போன்ற ஒருவரால்தான் புரிந்துகொள்ள முடியும். பக்கத்தில் அமர்ந்திருந்த வயதான தமிழம்மா ஒருவர், “முந்தானை தரையில படுது பாரும்மா” என்றார். நன்றி கூற வாய் திறந்தால் குரல் காட்டிக்கொடுத்துவிடும். பேசாமல் இருந்தால் மரியாதைக் குறைவு. “நன்றிங்கம்மா” என்று என் சொந்தக் குரலிலேயே கூறினேன். அவர் என் முகத்தைத் திரும்பிப் பார்த்தார். சில நொடிகள் எனக்கு மேடையின் மிருதங்க ஒலியே கேட்கவில்லை. பிறகு அவர் சேலையின் கரையை இரு விரல்களால் தொட்டுப் பார்த்து, “சுங்குடியா? இங்க எடுத்ததா, மதுரையில எடுத்ததா?” என்று கேட்டார். நிகழ்ச்சி முடியும் வரை சேலைகளைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். எல்லாரும் இப்படி இருப்பார்கள் என்று நான் உறுதி கூற மாட்டேன். பின்னர் வேறோர் இடத்தில் சில இளைஞர்கள் கேலியாகச் சிரித்ததும் உண்டு. ஆனால் அச்சம் நம் மனத்துக்குள் எழுப்பி வைத்திருக்கும் கூட்டத்தைக் காட்டிலும் வெளியே இருக்கும் கூட்டம் மிகவும் பரபரப்பானது, தன் வேலையைப் பார்ப்பது.

தாமரைக்குளம்

நான் திருநங்கை. நீங்கள் உங்களை வேறாகக் குறிப்பிட்டிருப்பதை மதிக்கிறேன். ஆனால் தெருவில் உங்களைப் பார்ப்பவர்கள் அந்த வேறுபாட்டை அறியமாட்டார்கள், உங்களை எங்களில் ஒருவராகவே எண்ணுவார்கள் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இதை எச்சரிக்கையாகக் கூறவில்லை. நீங்கள் கண்ணியமாக நடந்துகொள்ளும் ஒவ்வொரு மாலையும் எங்களுக்கும் நன்மையே செய்கிறது.

ஆண் பெண்ணுடை அணியக்கூடாது என்று சிங்கப்பூரில் எந்தச் சட்டமும் இல்லை. பலர் தண்டனைச் சட்டத்தின் 377ஏ பிரிவை இதனுடன் சேர்த்துக் குழப்பிக்கொள்கிறார்கள். 1938-இல் காலனி ஆட்சியில் வந்த அந்தப் பிரிவு ஆண்களுக்கிடையிலான பாலுறவைப் பற்றியது, உடையைப் பற்றியதல்ல. அதையும் 2022 நவம்பரில் நாடாளுமன்றம் நீக்கிவிட்டது, 2023 சனவரி முதல் அது இல்லை. எனவே காவலர் யாரேனும் அடையாள அட்டையைக் கேட்டால் பதறாமல் எடுத்துக் காட்டுங்கள். 1973 முதல், அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் அட்டையில் பாலினத்தை மாற்றிக்கொள்ள இங்கே வழியிருப்பதால் என் அட்டையும் என் தோற்றமும் ஒத்துப்போகும், உங்களுக்கு ஒத்துப்போகாது. “இது என் அட்டைதான், இன்று இப்படி உடுத்தியிருக்கிறேன்” என்று நேராகக் கூறிவிடுவதே சிறந்தது. மறைக்க முயல்வதுதான் சந்தேகத்தை வளர்க்கும். (1971-இல் கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையில் இந்நாட்டின் முதல் பாலின மாற்று அறுவை சிகிச்சையை முன்னின்று நடத்திய பேராசிரியர் ரத்தினம், யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். நம்மவர்கள் இந்த வரலாற்றுக்கு அயலார் அல்லர் என்பதற்காகச் சொல்கிறேன்.)

கழிப்பறைக்கு, சக்கர நாற்காலிப் படம் போட்ட தனி அறையைப் பயன்படுத்துங்கள். ரயில் நிலையங்களிலும் பேரங்காடிகளிலும் அது இருக்கும். ஒருவர் மட்டும் உள்ளே சென்று தாழிட்டுக்கொள்ளும் அறை என்பதால் எவருக்கும் சங்கடமில்லை. உண்மையாகத் தேவைப்படுபவர் காத்திருந்தால் அவருக்கு முதலில் வழிவிடுங்கள்.

இன்னொன்றை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். இங்கே துணிச்சல் வந்துவிட்டது என்பதற்காக அதே உடையில் ஜொகூர் பாருவுக்குக் கிளம்பிவிடாதீர்கள். எல்லையைத் தாண்டினால் சட்டம் வேறு. மலேசிய மாநிலங்களின் ஷரியா சட்டங்களில் முஸ்லிம் ஆண் பெண்ணுடை அணிவது குற்றம். முஸ்லிம் அல்லாதவருக்கும் அங்கே தொல்லை நேரலாம். பாலத்துக்கு இந்தப் பக்கம் இருக்கும் நிம்மதியை அந்தப் பக்கம் எதிர்பார்க்க முடியாது.

எங்கள் மூத்தவர்கள் பழைய பூகிஸ் ஸ்ட்ரீட்டைப் பற்றிப் பேசக் கேட்டிருக்கிறேன். நள்ளிரவில் மேசை போட்டு, மாலுமிகளும் சுற்றுப்பயணிகளும் வேடிக்கை பார்க்க, அவர்களுடன் நின்று படம் எடுத்துக்கொண்டு காசு வாங்கிய காலம் அது. ரயில் நிலையம் கட்டுவதற்காக 1985-இல் அந்தத் தெரு அகற்றப்பட்டது. அங்கே எங்களவர்கள் காட்சிப்பொருளாகத்தான் நிற்க முடிந்தது. மாலை ஆறு மணிக்கு ரயில் ஏறி, கச்சேரி கேட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்ப நினைக்கிறீர்கள். அவர்களில் பலருக்கு அது கைகூடியதில்லை. ஆகவே தயங்காமல் சென்று வாருங்கள்.

நலம்விரும்பி

கண்டிக்க எழுதவில்லை, கவலையால் எழுதுகிறேன். உங்களுக்கு வளர்ந்த மகள் இருக்கிறாள். யாரோ ஒருவர் கைப்பேசியில் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டால், அவள் பள்ளியில் எப்படித் தலைநிமிர்ந்து நடப்பாள்? விருப்பம் வீட்டோடு இருந்துவிட்டுப் போகட்டுமே.

தாமரைக்குளம்

உங்கள் கவலை நியாயமானது. அதை நான் தள்ளிவிடவில்லை. ஆனால் அதற்கும் இங்கே காப்பு உண்டு. தொல்லையிலிருந்து பாதுகாப்பு அளிக்கும் சட்டம் 2014-இல் வந்தது. ஒருவரைத் துன்புறுத்தும் நோக்கத்துடன் அவருடைய படத்தையும் பெயரையும் இணையத்தில் பரப்புவது, 2020 முதல் அதே சட்டத்தின் கீழ் குற்றம். படம் பரவுவதை அது முன்கூட்டியே தடுத்துவிடாது என்பது உண்மை. பரப்பியவரைச் சும்மா விட வேண்டியதில்லை என்பதும் உண்மை.

உடன் நடப்பவள்

என் கணவரும் சேலை உடுத்துபவர். மற்றவர்கள் இடத்தையும் சட்டத்தையும் பற்றிக் கூறிவிட்டார்கள். நான் உங்கள் மனைவி கூறிய அந்த இரண்டு சொற்களைப் பற்றி எழுதுகிறேன். “உங்க இஷ்டம்” என்று ஒரு மனைவி கூறினால், அது சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், ஐயா. நானும் அதையே கூறியவள்தான். அப்போது என் மனத்தில் ஓடியது வேறு: யாராவது பார்த்துவிட்டால் கேள்வி அவரிடம் வராது, என்னிடம்தான் வரும். கோயிலில், கல்யாண வீட்டில், “உன் வீட்டுக்காரருக்கு என்னம்மா ஆச்சு?” என்று என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு நான் என்ன பதில் கூறுவது என்பதை அவர் யோசித்திருக்கிறாரா என்பதே என் கவலையாக இருந்தது.

பிறகு உட்கார்ந்து பேசினோம். என்னைக் கேட்காமல் என் சேலைகளை எடுக்கக்கூடாது. பிள்ளைகளின் தேர்வுக் காலத்தில் வெளியே போகக்கூடாது. யாராவது அறிந்தவர் எதிரே வந்து கேட்டால், உண்மையைக் கூறும் பொறுப்பு அவருடையது, என்னை முன்னால் தள்ளக்கூடாது. இவற்றை அவர் மனதார ஒப்புக்கொண்ட பிறகுதான் என் அச்சம் குறைந்தது. நானும் உடன் வருகிறேன் என்று நானாகவே கூறினேன்.

சிராங்கூன் சாலையில், கூட்டம் நெரியும் ஞாயிற்றுக்கிழமையைத் தவிர்த்து, வார நாள் ஒன்றின் மாலையில் இருவரும் சென்றோம். நான் சுடிதார், அவர் கரும்பச்சைச் சேலை. பூக்கடையில் நான் இரண்டு முழம் மல்லிகை வாங்கி, சந்தின் ஓரத்தில் நிறுத்தி அவர் தலையில் வைத்துவிட்டேன். அவருடைய காதுமடல் வியர்வையில் சில்லென்று இருந்ததை என் விரல்கள் உணர்ந்தபோது, என்னைவிட அவர் எவ்வளவு பயந்திருக்கிறார் என்பது எனக்கு அன்றுதான் புரிந்தது. உணவகத்தில் அவர் வாய் திறக்காமல் இருப்பதற்காக, இருவருக்கும் சேர்த்து நானே நெய்த் தோசையும் தே தாரிக்கும் சொன்னேன். பரிமாறிய தம்பி தட்டுகளை வைத்துவிட்டு, “சட்னி இன்னும் வேணுமாக்கா?” என்று எங்கள் இருவரையும் பார்த்துக் கேட்டுவிட்டுப் போய்விட்டார். என் கணவர் சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். எத்தனையோ ஆண்டு மணவாழ்க்கையில் அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அந்த மாலையை நானும் அனுபவித்தேன் என்பதை ஒளிக்காமல் கூறுகிறேன்.

உங்கள் மனைவியிடம் மறுபடியும் கேளுங்கள். “போகட்டுமா?” என்று கேட்காமல், “உனக்கு எது பயமாக இருக்கிறது?” என்று கேளுங்கள்.

ஈசூன்வாசி

இவ்வளவு அக்கறையுடன் எழுதிய அனைவருக்கும் என் மனமார்ந்த நன்றி. சகோதரி கூறியபடியே நேற்றிரவு மனைவியிடம் கேட்டேன். அவர் நெடுநேரம் பேசினார். மகளிடம் தகுந்த வயதில் நாங்கள் இருவருமாகவே கூறிவிட வேண்டும், பிறர் வழியாக அவளுக்குத் தெரியக்கூடாது என்பதுதான் அவருடைய பெரிய கவலை, அதை ஒப்புக்கொண்டேன். நலம்விரும்பி ஐயா எழுப்பிய கேள்விக்கும் எங்கள் பதில் அதுவே. இப்போதைக்கு எஸ்பிளனேட் என்று முடிவு செய்திருக்கிறோம்; அவர் சற்றுத் தொலைவில் தனியாக உட்கார்ந்திருப்பாராம், விரும்பினால் பக்கத்தில் வருவாராம். எனக்கு அதுவே போதும்.

ஒரே ஓர் ஐயம் பாக்கி இருக்கிறது. எனக்கு முன்தலையில் முடி குறைவு என்பதால் விக் அணியாமல் முடியாது. நம் ஊர் வெக்கையில் அது நழுவாமல் இருக்க என்ன செய்கிறீர்கள்? பூ வைக்க முடியுமா?

மல்லிகைச்சரம்

தாராளமாக வைக்கலாம். முதலில் பருத்தியாலான விக் தொப்பியை மாட்டிக்கொள்ளுங்கள். நைலான் தொப்பி வியர்வையை உறிஞ்சாது, விக் வழுக்கத் தொடங்கிவிடும். இடுப்பு வரை தொங்கும் நீளக் கூந்தலுக்கு ஆசைப்படாதீர்கள். கழுத்தளவு கூந்தலைப் பின்னால் கொண்டையாக முடிந்துவிட்டால் பிடரியில் காற்றுப் படும், நம் வயதுக்கும் அதுவே பொருத்தமாக இருக்கும். கொண்டை ஊசிகளைத் தொப்பியோடு சேர்த்துக் குத்துங்கள். பூவைக் கொண்டையைச் சுற்றி வைத்து, இரு முனைகளிலும் ஊசி போட்டு இறுக்கிவிடுங்கள். ஒரு முழம் போதும், அதற்கு மேல் வைத்தால் அதன் எடையே விக்கைப் பின்னால் இழுத்துவிடும். கிளம்புவதற்கு முந்தைய நாள் வீட்டிலேயே எல்லாவற்றையும் அணிந்து, மின்விசிறியை நிறுத்திவிட்டு ஒரு மணி நேரம் நடந்து பாருங்கள். எது நழுவும், எது அரிக்கும் என்பது அப்போதே தெரிந்துவிடும். செருப்பை முதலில் மாட்டிக்கொள்ள மறந்துவிடாதீர்கள்.